கீழ்ப்பிடிக்காரன் முட்டி

கட்டிலில் ஏறிப் படுப்பதற்கு முன்னால் கீழ்ப்பிடி அதன் காலை ஒரு உதை உதைத்துப் பார்ப்பான். ஆடினால் முகம் சுளிப்பான். ஆடாவிட்டாலும் சுளிப்பான். பிறகு பிசியோதெரபி அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மூலையில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளைக் காட்டுவான். "இதை எவன் மாடிக்கு ஏத்தினது? கைப்பிடியைக் கழட்டாம ஏத்தியிருக்கான். செவுத்தைப் பாரு, பூனை பிறாண்டின மாதிரி."

பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு இது பழகிவிட்டது. "சைக்கிள் இருக்கட்டும்ணா. முட்டியைக் கொண்டாங்க" என்பாள்.

"என்னமோ நான் முட்டியைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வந்த மாதிரி" என்று என் பக்கம் திரும்பி முணுமுணுத்துக்கொண்டே படுப்பான்.

வீடு மாற்றித் தருகிற கூட்டம் எங்களுடையது. நான் வேன் ஓட்டுகிறேன், அவன் சாமான் தூக்குகிறான். பீரோ, பிரிட்ஜ் என்று எதை மாடிப்படியில் இறக்கினாலும் இரண்டு பேர் பிடிப்பார்கள். மேல்படியில் நிற்பவன் வழி பார்ப்பான். கீழ்ப்படியில் நிற்பவன் பாரத்தை வாங்குவான். மேல்பிடி, கீழ்ப்பிடி என்பது எங்கள் பேச்சு. மேல்பிடிக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். கீழ்ப்பிடிக்கு யாரும் வரமாட்டார்கள். இவன் மட்டும் கேட்காமலே கீழே போய் நின்றுகொள்வான். அதனால் பெயரே கீழ்ப்பிடி ஆகிப்போனது. சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கே இவன் சொந்தப் பெயர் ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆள் உயரம் கிடையாது. அகலம். கழுத்து என்று தனியாக ஒன்றைக் காட்ட முடியாது. நிற்கும்போது முட்டி இரண்டும் லேசாக மடங்கியே இருக்கும். உட்காரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆள் மாதிரி. பாரத்துக்கு அடியில் முட்டியை விறைப்பாக வைத்தால் முட்டி போய்விடும் என்று தொழிலில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இவன் அதைக் கடையில் வரிசையில் நிற்கும்போதும் விடவில்லை, கல்யாணப் போட்டோவிலும் விடவில்லை. அந்தப் போட்டோவைப் பார்த்தால் மாப்பிள்ளை மாலையைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்கப் போகிறான் என்றுதான் தோன்றும்.

பேச்சு என்றால் சத்தம்தான். படியில் பாரத்தோடு இறங்கும்போது வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து "பார்த்து, பார்த்து" என்றால் அவனுக்குப் பொறுக்காது. "பார்க்கிறதை நீங்களே பாருங்க சார், முதல்ல அந்தக் கதவைப் பிடிங்க" என்பான். வாஷிங் மெஷினோடு பேசுவான். "அசையாதடி குண்டு, உன்னைவிடப் பெரியவளை எல்லாம் இறக்கியிருக்கேன்." யாராவது பீரோ காலி என்று சொன்னால் அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பான்.

முட்டி போன அன்றைக்குப் பார்க்கவிடவில்லை. அந்த வீட்டுக்காரர் பீரோவைப் போர்வையால் சுற்றி, டேப் ஒட்டி, தயாராக வைத்திருந்தார். "காலிதான்ப்பா, நானே கட்டிட்டேன். பிரிச்சா மறுபடி நீயா கட்டுவே?" லிஃப்ட் இருந்தது. குடியிருப்பவர்கள் ஏறத்தானாம், சாமான் ஏற்றக்கூடாதாம். படியில்தான் இறக்கினார்கள். கீழே இவன். மேலே இவனுடைய மச்சினன், மனைவியின் தம்பி. படி திரும்புகிற இடத்தில் போர்வைமேல் ஒட்டிய டேப் பிய்ந்தது. இழுப்பறை ஒன்று வெளியே பாய்ந்தது. உள்ளே இருந்தது அந்த வீட்டு மகன் உடம்பை ஏற்றுவதற்கு வாங்கி வைத்த இரும்பு டம்பெல்கள்.

இழுப்பறை நேராகக் கீழ்ப்பிடியின் முகத்துக்கு வந்தது. மச்சினன் ஒரு கையைப் பிடியிலிருந்து எடுத்து அதைத் தடுத்தான். பீரோ ஒரு பக்கமாகச் சுழன்றது. கீழே ஊன்றிய பாதம் ஊன்றியபடி நிற்க, மேலே உடம்பு மட்டும் திரும்பியது. வேன் கதவருகே நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்.

அப்போதும் அவன் பாரத்தை விடவில்லை. சுவரில் சாய்த்து, நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் படியில் உட்கார்ந்தான். வீட்டுக்காரர் ஓடிவந்தார். பீரோவின் மூலையைத் தடவிப் பார்த்து, "இங்க ஒரு கீறல் இருக்கே" என்றார். அதிலிருந்து அந்தத் தெரு வழியாக வேன் ஓட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஓட்ட வேண்டி வந்தால் அவர் வீட்டு வாசலில் ஹாரனை அழுத்தாமல் போவதில்லை.

முட்டிக்குள் குறுக்கே ஓடுகிற தசைநார் அறுந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து முட்டிக்குள் கட்ட வேண்டும், ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னார். கீழ்ப்பிடி உடனே சட்டையைக் கழற்றப் போனான். "இப்ப இல்லைப்பா. முதல்ல வீக்கம் வடியணும். கால் முழுசா நீளணும். தொடைத் தசை முழிச்சு வேலை செய்யணும். அதுக்குப் பயிற்சி இருக்கு. அதைச் செஞ்சு காட்டு, தேதி கொடுக்கிறேன்."

"அறுக்கப்போற காலுக்கு எதுக்கு சார் பயிற்சி? இடிக்கப்போற செவுத்துக்கு வெள்ளை அடிக்கிற மாதிரியில்ல இருக்கு?"

டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. "மடங்கின முட்டியோட உள்ள போனா, மடங்கின முட்டியோடதான் வெளிய வருவே. அப்புறம் பாரம் தூக்கறதை மறந்துடு. படியேற யாராவது உன்னைத் தூக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியம் அவனைத் தைத்துவிட்டது. யாராவது அவனைத் தூக்குவதாம்.

இதில் ஊர் வாய் வேறு. "நல்லாத்தானே நடக்கிறே, எதுக்கு ஆபரேஷன்?" நேராக நடந்தால் சரிதான். சட்டென்று திரும்பினால் முட்டி கீல் கழன்ற கதவு மாதிரி தன் பாட்டுக்குப் போகும். ஒருமுறை மருந்துக்கடை வாசலில் அப்படித்தான் விழுந்தான். தூக்க வந்த ஆளைத் திட்டிய திட்டில் அந்த ஆள் மருந்து வாங்காமலே போய்விட்டான்.

ஆக, வேலை இல்லாத நேரத்தில் நான்தான் வேனில் அவனை அழைத்துப் போகிறேன். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியைத் தொங்கவிட வேண்டும். குப்புறப் படுத்துக் காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்ட வேண்டும். நீட்டிய காலை மடக்காமல் தூக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் திட்டுவான். சைக்கிள் ஒன்றுதான் பிடிக்கும். வியர்க்க வியர்க்க மிதிப்பான். "இதான் வேலை. மத்ததெல்லாம் சும்மா கெடக்கிறது."

பயிற்சிக்காரப் பெண் அவன் தொடையில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். "அண்ணா, நல்ல கால் ஓட்டுது. இந்தக் கால் பின்னாடி உட்கார்ந்து சவாரி பண்ணுது."

அவ்வளவுதான். சைக்கிளிலிருந்து இறங்கினான். முகம் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. "என்னம்மா சொல்றே? வேலையில ஏமாத்துறேன்னா? என்னை? எத்தனை வீடு இறக்கியிருக்கேன் தெரியுமா? எவனாவது, ஒருத்தனாவது, இவன் பாரத்தை அடுத்தவன் தலையில தள்ளினான்னு சொல்லியிருக்கானா? யோவ் டிரைவரு, சொல்லுய்யா!"

"நீங்க ஏமாத்தலைண்ணா. கால் ஏமாத்துது. வீங்கின முட்டி தொடையைத் தூங்க வச்சிடும். ஸ்கேன்ல பார்த்தாச்சு, உள்ள எதுவும் தடுக்கலை. தசையைத்தான் எழுப்பணும். படுங்க."

படுத்தான். முட்டிக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற சந்து இருந்தது. அந்தச் சந்து போக வேண்டும். தொடையை இறுக்கி முட்டியைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். துண்டை வைத்து அழுத்தச் சொன்னாள். இடுப்பை அழுத்தினான், முதுகை அழுத்தினான், பல்லைக் கடித்தான். தொடை மட்டும் தூங்கியது. கடைசியில் அவள் தன் கையையே முட்டிக்கு அடியில் விட்டாள். "துண்டு எனக்குச் சொல்லாது, கை சொல்லும். என் கையை நசுக்குங்க."

அவன் கால் அப்படியே துவண்டுவிட்டது. கொஞ்சநஞ்சம் இருந்த இறுக்கமும் போய்விட்டது.

"நசுக்குங்கண்ணா."

"கையை எடும்மா."

"ஒண்ணும் ஆகாது."

"கையை எடுங்கறேன்ல!"

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பாரத்தை இறக்கி வைக்கும்போது அடியில் யாருடைய விரலும் இருக்கக்கூடாது. எங்கள் தொழிலில் சாமான் உடைந்தால் திட்டோடு போகும். கூட்டாளியின் விரலை நசுக்கியவனோடு மறுபடி யாரும் சேர்ந்து பிடிக்கமாட்டார்கள். கீழ்ப்பிடி இத்தனை காலத்தில் ஒருவர் நகத்தைக்கூடக் கறுக்க வைத்ததில்லை. அடியில் ஒரு கை இருக்கிறது என்று தெரிந்தால் அவன் உடம்பு தானாகப் பாரத்தை மேலே வாங்கிக்கொள்ளும். அவனே நினைத்தாலும் மாற்ற முடியாது. வெளியே வந்து, "அந்தப் பொண்ணு விரல் பென்சில் மாதிரி இருக்குய்யா. அதைப் போய்…" என்று எரிந்து விழுந்தான். அவள் மேல் கோபமா, தன் கால் மேல் கோபமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

வீட்டிலும் யாராவது கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று பயிற்சிக்காரப் பெண் சொல்லியிருந்தாள். அவன் மனைவி தையல் ஃபேக்டரியில் காலர் தைக்கிறவள். வைத்தாள். "தைக்கிற கைடி, எடு" என்றான். நான் வைத்தேன். "கியர் போடுற கை, எடுய்யா" என்றான். "அப்ப யார் கையைத்தான் நசுக்குவீங்க?" என்று மனைவி கேட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மச்சினனோடு அன்றிலிருந்து பேச்சு கிடையாது. வாசலில் அவன் குரல் கேட்டால் இவன் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வான். கையை எடுத்ததற்காகக்கூட இல்லை. "விடுறேன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் ஒதுங்கியிருப்பேன். ஊமையாடா அவன்? வாயில என்ன, கொழுக்கட்டையா?" இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஆனாலும் எனக்கும் அந்தப் பயல் மேல் கோபம்தான். பிடியை விடும்போது சத்தம் கொடுக்க வேண்டும். அது தெரியாதவன் படியில் நிற்கக்கூடாது.

டாக்டர் மறுபடி பார்த்த அன்று நானும் உள்ளே இருந்தேன். முட்டிக்கு அடியில் விரலை விட்டார். நுழைந்தது. "வீக்கம் வடிஞ்சிருக்கு. கால் நீளலை. அடுத்த வாரமும் இப்படியே வந்தா உன் தேதியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். எத்தனையோ பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். சுவரைப் பிடித்து இறங்கி அவனை நான் பார்த்ததே இல்லை. வேனில் வரும்போது சிக்னலில் ஒருத்தன் குறுக்கே புகுந்தான், அவனைக்கூடத் திட்டவில்லை.

மறுநாள் வேலை முடிந்து மச்சினன் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புதிய கீழ்ப்பிடி ஒருவன் படியில் இரண்டு முறை சறுக்கி எங்கள் உயிரை வாங்கிய நாள் அது. "மாமா எப்படியிருக்கார்ண்ணே?" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "எப்படி இருப்பான்? தேதி போகப்போகுது. முட்டி நீள மாட்டேங்குது. அடியில கையை வச்சா எவன் கையையும் நசுக்க மாட்டேங்கறான். பொண்டாட்டி கையையும் இல்ல, என் கையையும் இல்ல. சனியனே, உன்னால ஒரு நல்ல கீழ்ப்பிடி படுத்துக் கெடக்கு. போதுமா?"

கொஞ்ச தூரம் போனோம். "வண்டியை அக்கா வீட்டுப் பக்கம் திருப்புங்கண்ணே" என்றான்.

"கதவைச் சாத்திக்குவான்."

"காலை நீட்டிப் படுத்திருக்கிறவர் எந்திரிச்சு வந்து சாத்தறதுக்குள்ள உள்ள போயிடலாம். திருப்புங்க."

சொன்னபடியே செய்தான். செருப்பைக்கூட வாசலில் ஒழுங்காக விடவில்லை. கீழ்ப்பிடி கட்டிலில் கிடந்தான், குதிகாலுக்கு அடியில் துண்டுச் சுருளோடு. இவனைக் கண்டதும் தலையைத் தூக்கினான்.

"எவன்டா உன்னை உள்ள விட்டது?"

மச்சினன் வெறும் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு, துண்டுச் சுருளை உருவி எறிந்துவிட்டு, வலது கையை விரித்து முட்டிக்கு அடியில் விட்டான். "நசுக்கு."

"கையை எடுடா."

"எடுக்கமாட்டேன். நசுக்கு மாமா."

"மரியாதையா எடுத்துடு. கொலைவெறியில இருக்கேன்."

"அதான் வந்திருக்கேன். நசுக்கிட்டுத் திட்டு. திட்டிக்கிட்டே வேணா நசுக்கு."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கையை விரித்தேன்.

கீழ்ப்பிடி அழுத்தினான். முதல் அழுத்தில் ஒன்றும் ஆகவில்லை, இடுப்புதான் இறங்கியது. "இவ்வளவுதானா?" என்றான் மச்சினன். அந்தக் கேள்விதான் வேலை செய்தது. கீழ்ப்பிடியின் தொடைமேல், முட்டிக்குக் கொஞ்சம் மேலே, தோலுக்கடியில் ஏதோ ஒன்று துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. அப்புறம் இறுகிக் கல்லாகி எழுந்து நின்றது. மச்சினன் வாய் கோணியது.

"ஒரு சொல்லு!" அழுத்தினான். "ஒரே ஒரு சொல்லு சொன்னியாடா?" அழுத்தினான். "பாரத்துக்கு அடியில நிக்கிறவன் மனுஷன்தானே? எருமையா?" அழுத்தினான். "வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்! இன்னும் வலிக்கட்டும்!"

"என்னங்க, அவன் விரலு…" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. எலும்பு எண்ணி எடுத்துக்கிறேன் இன்னைக்கு."

மச்சினன் நகங்கள் வெளுத்துவிட்டன. கையை எடுக்கவில்லை. ஆனால் பொறுமை போய்விட்டது. திடீரென்று அவனும் கத்த ஆரம்பித்தான். "உன் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு மாமா அந்த இழுப்பறை! இரும்பு! நான் என்ன பண்ணணும்? மூஞ்சி உடையறதைப் பாத்துக்கிட்டுப் பிடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"வாயைத் தொறக்கணும்டா!"

"தொறந்தேன்! சத்தம் வரலை! பயத்துல தொண்டை அடைச்சுப் போச்சு! கத்தினேன்னுதான் நான் நெனச்சேன். நீ கீழ உட்கார்ந்தப்புறம்தான் தெரிஞ்சுது, நான் கத்தவே இல்லைன்னு!"

இருவருக்கும் மூச்சு வாங்கியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைச் சொல்றதுக்கு இத்தனை நாளாடா?" என்றான் கீழ்ப்பிடி. கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. குரல் மட்டும் ஒரு படி இறங்கியிருந்தது.

"கதவைத் தொறந்தாத்தானே சொல்ல."

"பேசாத. வை கையை, சரியா வை. விரலை மடக்காத. எலும்பு மேல எலும்பு பட்டா உடைஞ்சிடும். உள்ளங்கை படணும்."

மச்சினன் கையைத் திருப்பி வைத்தான். கீழ்ப்பிடி மறுபடி அழுத்தினான். இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை, இடுப்பு அசையவில்லை. தொடை மட்டும் எழுந்தது. முட்டி தாழ்ந்து தாழ்ந்து, அந்தக் கையையும் சேர்த்து மெத்தைக்குள் புதைத்தது. குதிகால் கட்டிலிலிருந்து தானாக மேலே எழும்பியது. அவள் குனிந்து பக்கத்தில் விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"என்னங்க…"

"தெரியுது. கத்தாத."

"இன்னும் எத்தனை தடவை மாமா?" என்று கேட்டான் மச்சினன். ஒரு முழங்காலிலிருந்து இன்னொரு முழங்காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டான். தரை அவனைக் குத்திக்கொண்டிருந்தது.

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

சொல்லிவிட்டு, கீழ்ப்பிடி அவன் முகத்தைப் பார்க்காமல், தன் தலைக்கு அடியில் இருந்த தலையணையை ஒரு கையால் உருவிக் கட்டிலுக்கு வெளியே, அவன் முழங்காலிட்டிருந்த இடத்தில் போட்டான்.